விலக்குப் பட்டியல்

தமிழ் கற்பிக்கும் நமக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. ஆயினும் சென்ற ஆண்டு ஒரு நிரலைப் பற்றிய முடிவுக்கு நாம் ஒப்புதல் அளித்தோம். அதன் விளைவை இங்கே பதிவு செய்யவேண்டும் என்று தோன்றுகிறது.

நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களுக்குச் சொல்லடைவு தயாரிக்க எண்ணினோம். அவை யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. அவற்றில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நிற்கும். யூனிகோடிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக அமையும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் பைத்தான் நிரலைக் கணினித்துறை மாணவர்கள் உருவாக்கினர். முதுகலை மாணவி ஒருவர் அந்தச் சொல்லடைவைக் கொண்டே தம் ஆய்வேட்டைத் தொடங்கினார்.

நிரலை இயக்காமலே வாசித்துப் பிழை சொல்லும் கருவிகள் உண்டு. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய 'லின்ட்' அவற்றின் முன்னோடி. துணியில் ஒட்டும் பஞ்சுத்தூசி என்பது அப்பெயரின் பொருள். மாணவர்கள் பயன்படுத்தியது சோனார்கியூப். எந்தக் கோப்புறையை வாசிப்பது, எந்தக் குறியேற்றத்தில் வாசிப்பது, எதை விலக்குவது என்பவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதித் தரவேண்டும். முதல்முறை, தமிழ் எழுத்துகள் இருந்த வரிகளைச் செல்லாத எழுத்து என்றது கருவி. யூடிஎஃப்-8 என்று குறித்ததும் அடங்கியது.

ஆனால் எழுத்துருவை மாற்றும் கோப்புறையில் குறைகள் மலிந்திருந்தன. தேர்ச்சியைக் காட்டும் 'குவாலிட்டி கேட்' சிவப்பாகவே நின்றது.

"ஐயா, அது சீனியர்கள் எழுதினது. அந்த ஃபோல்டரை மட்டும் எக்ஸ்குளூட் பண்ணிடலாமா?" என்றார் ஒரு மாணவர்.

என்ன குறைகள் என்று நாம் கேட்கவில்லை. ஆகட்டும் என்றோம். கோப்புறைப் பெயரின் இருபுறமும் இரட்டை நட்சத்திரமிட்டு ஒரே வரி சேர்த்தார். சிவப்பு பச்சையாயிற்று.

சில மாதங்களில், மலர்களில் 'கொல்' என்னும் சொல் மிகுதியாகப் பயில்வதை மாணவி கண்டறிந்தார். வன்முறைச் சொல்லாட்சி பற்றி ஓர் இயலே எழுதினார். நாமும் பாராட்டினோம். ஒருநாள் மேற்கோள்களைச் சரிபார்க்கையில் 'செங்கொல்' என்று ஒரு சொல் கண்ணில் பட்டது. அடுத்த பக்கத்தில் 'கொவில்'.

விலக்கை நீக்கிக் கருவியை ஓட்டச் சொன்னோம். நிபந்தனையின் இரு கிளைகளும் ஒரே செயலைச் செய்கின்றன என்று அது ஒரு வரியைச் சுட்டியது. ஒற்றைக்கொம்புக்கு எழுதியதை நகலெடுத்து இரட்டைக்கொம்புக்கும் ஒட்டியவர் குறியை மாற்ற மறந்திருந்தார். 'கோ' எல்லாம் 'கொ' ஆகிவிட்டது. கோல்கள் எல்லாம் கொல் ஆயின. கருவி இதை முதல் நாளே சொல்லியிருந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பதினொரு நாள்களே இருந்தன. ஓர் இயல் முழுதும் போயிற்று. மாணவி ஒன்றும் சொல்லவில்லை.

கருவி பொய் சொல்லவில்லை. நாம் வாசிக்க விட்ட அளவுக்கு அது பச்சை காட்டிற்று. பிறர் எழுதிய நூலகங்களை விலக்குவது முறைதான். நம் சொந்தப் பிழைகளை விலக்குவது வேறு. ஏடு சிதைந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் குறிப்பெழுதுவார். அந்த ஏட்டையே மறைத்துவிடமாட்டார். வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லும் நாமே அன்று மறந்தோம்.

இப்போது அக்கோப்புறை சோதனைக்குள் இருக்கிறது. திருத்தாமல் விடும் குறை ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்று, காரணத்தை அங்கேயே எழுதிவைக்கிறார்கள். சிவப்பு இன்னும் முழுதாக மாறவில்லை.

மாணவி ஆய்வேட்டை உரிய நாளில் ஒப்படைத்தார். முன்னுரையில் நமக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அந்த வரியை மட்டும் நம்மால் இயல்பாகக் கடந்துபோக முடியவில்லை.