காத்திருப்புக்குக் கூலி

சக்கரம் சுழலும் நேரத்தை மட்டுமே உழைப்பெனக் கணக்கிடும் வழக்கம் லாரித் தொழிலில் வேரூன்றிவிட்டது. அதன் நியாயத்தை நாம் சற்றே சீர்தூக்கிப் பார்ப்போம்.

நாமக்கல், சேலம் வட்டாரங்களிலிருந்து முட்டையும் ஜவ்வரிசியும் ஏற்றி வடபுலம் செல்லும் லாரிகள், வெங்காயமோ பளிங்கோ ஏற்றித் திரும்புகின்றன. அவற்றை ஓட்டுவோரில் பலருக்கு நிலையான மாதச் சம்பளம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்னும் படியோ, வாடகையில் ஒரு பங்கோதான் வருவாய். நடை குறைந்தால் வீட்டில் அடுப்பும் தணியும்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நெடுங்காலமாக லாரி ஓட்டுகிறார். "ஓடுகிற நாளில் கஷ்டமில்லை, ஹஸரத், லோடுக்காக நிற்கிற நாள்தான் கஷ்டம்" என்றார் ஒருமுறை. நிற்கும் நாளில் சாப்பாட்டுச் செலவு உண்டு, வரவு இல்லை. குளிக்க இடம் தேடவேண்டும். டீசலும் தார்ப்பாயும் களவு போகாதிருக்க, இரவெல்லாம் கேபினிலேயே அரைத்தூக்கம். இழந்த நாட்களை ஈடுசெய்ய, அடுத்த நடையில் உறக்கத்தைத் துறந்து ஓட்டுகிறார். கூலிக் குறை இவ்வாறே விபத்துக்கும் வழிகோலுகிறது.

ஹனஃபி சட்ட அறிஞர்கள் கூலியாளரை இருவகையாகப் பிரிப்பர். தையற்காரரைப் போலப் பலருக்கும் பணிசெய்பவர் 'அஜீர் முஷ்தரக்'. வேலை முடித்தால் அவருக்குக் கூலி. தம் காலத்தை ஒருவரிடமே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. வேலை தராமல் இருத்திவைத்தாலும் அவருக்குக் கூலி கடமை. வண்டியைவிட்டு அகல இயலாத ஓட்டுநர் இரண்டாம் வகையினர். அவருக்குக் கிடைப்பதோ முதல் வகையினரின் கூலி!

1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலையென வரையறுத்தது. நெடுந்தூரத் தடங்களில், அனுமதி பெற்றாலும், 10 மணிக்கு மேற்படலாகாது என்றது. எனினும் ஐந்து தொழிலாளரேனும் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி சிறு உரிமையாளர்களுடையவை. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. காகிதத்தில் எழுதிய மணிக்கணக்கு சாலையை எட்டுமா என்பதே கேள்வி.

உரிமையாளரையும் நாம் பழிக்கவில்லை. கடன் தவணை, டீசல், சுங்கம் என அவருக்கும் பாரம் உண்டு. சரக்குக்காரர் தாமதித்தால் அவர் 'ஹால்டிங்' தொகை கேட்கிறார், அது நியாயமே. வண்டி நின்றதற்கு விலையுண்டு என்றால், வண்டியோடு நின்ற மனிதருக்கும் அதில் பங்குண்டு. அப்பங்கை நடை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்வது இருவருக்கும் நலம்.