சீல் மாற்றியும் நிற்காத ஒழுக்கு

திங்கள், காலை

தாவணகெரேயிலிருந்து கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றிவந்த ஆறு சக்கர லாரி, நாமக்கல்லில் பாரத்தை இறக்கிய கையோடு பட்டறைக்கு வந்து நின்றது. பின் அச்சைப் பொதிந்திருக்கும் ஹவுசிங் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் இரண்டு மாநிலத்துப் புழுதியும் அப்பியிருந்ததில் எது இரும்பு, எது சேறு என்று தெரியவில்லை.

“போன மாசந்தானுங்க பினியன் சீல் மாத்துனோம். மறுக்கா ஒழுகுதுங்ணா,” என்றார் ஓட்டுநர்.

“வேற ஏதாச்சும் வேலை பாத்தீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. அதுக்கு முந்தி எஃப்.சி. காட்டுனோம், அவ்வளவுதான்.”

மேஸ்திரி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டவில்லை. பிசுக்கை இரு விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். டீசல் இன்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. இது தேன் நிறம், கையில் இழுபடும் கெட்டி, கூடவே குமட்டும் கந்தக நாற்றம். பல்சக்கரங்கள் உரசித் தேயாமலிருக்க கியர் ஆயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களின் வாடை அது. ஆக, ஒழுகுவது கியர்பாக்ஸாகவோ ஹவுசிங்காகவோதான் இருக்க வேண்டும்.

திங்கள், மாலை

எங்கே ஈரமோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பவர்கள்தான் வீணாகச் செலவழிக்கிறார்கள். ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். பூமி கீழே இழுக்கும். அதனால் தேட வேண்டியது முன்னாலும் மேலேயும் இருக்கிற முதல் ஈரத்தை. பிசுக்குக்குள் அதைத் தேட முடியாது. வாட்டர் சர்வீஸுக்கு அனுப்பி, டீசல் ஊற்றித் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டார்கள். பிறகு பட்டறைப் பையன் ஒரு டப்பா முகப்பவுடரை ஹவுசிங் மேல் தூவினான். வெளிநாட்டுப் பட்டறைகளில் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கடித்துப் பார்ப்பார்கள். பவுடரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

செவ்வாய்

திருச்செங்கோடு வரை போய்த் திரும்பிய வண்டியில் ஹவுசிங் கைவைக்க முடியாத சூடு. பவுடரில், புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனுக்குக் கீழே ஒரு ஈரக்கோடு தெளிவாக இறங்கியிருந்தது. இடது சக்கரத்தின் உட்புறத்திலும் இன்னொரு ஈரம்.

இங்கேதான் மேஸ்திரி நின்று யோசித்தார். ஒரு சீல் தேய்ந்து போகலாம். ஒன்றுக்கொன்று எட்டி இருக்கும் இரண்டு சீல்கள் ஒரே சமயத்தில் எண்ணெயை விட்டால், உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது என்று பொருள். முகத்தை விலக்கிக்கொண்டு ஃபில்லர் பிளக்கை அரைச்சுற்றுத் தளர்த்தினார். ‘புஸ்’ என்று காற்று பீறியது.

ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று விரல் நுனியளவு மூடி ஒன்று இருக்கும். உள்ளே சூடாகி விரியும் காற்று வெளியேற அது ஒன்றே வழி. 30 டிகிரியில் அடைபட்ட காற்று 90 டிகிரிக்குப் போனால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். எண்ணெயும் விரிவதால் இன்னும் கொஞ்சம் ஏறும். சீலின் ரப்பர் உதடு தண்டை மெல்லத்தான் பிடித்திருக்கிறது, அதனால் இந்தத் தள்ளலைத் தாங்காது.

பிரீதரைத் தேடினால் கறுப்பு பெயிண்ட் மட்டுமே தெரிந்தது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காகச் சேஸிஸில் அடித்த பெயிண்ட் மூடியையும் அதன் துவாரத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தது. எட்டு வயது தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால் பெயிண்ட்டும் தடித்துக்கொண்டே போகிறது.  போன மாதம் மாட்டிய சீல் நல்ல சீல்தான்.

புதன்

புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இறக்கி, பினியன் நட்டையும் தண்டின் முனையையும் பஞ்ச் அடித்துக் குறியிட்ட பிறகே கழற்றினார்கள். சில வண்டிகளில் பேரிங்கின் இறுக்கத்தை நட்டுக்குப் பின்னாலிருக்கும் நசுங்கும் ஸ்லீவ்தான் தீர்மானிக்கிறது. அந்தக் குறியைத் தாண்டி ஸ்பேனரில் குழாய் மாட்டித் திருகினால் ஒழுக்கு நிற்கும், பேரிங் போய்விடும்.

ஃபிளாஞ்சில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடினார் மேஸ்திரி. நகம் மாட்டியது. பழைய சீல் உழுத பள்ளம் அது. அதே பள்ளத்தில் புது உதடு உட்கார்ந்தால் அழுத்தமே இல்லாவிட்டாலும் கசியும். ஏறத்தாழ 0.28 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவை அதன்மேல் ஏற்றினார்கள். அவ்வளவு மெலிது என்பதால் அதே அளவு சீல் பொருந்தும். சுழலும் தண்டுக்கான இந்த சீலை 1929-இல் உருவாக்கியவர் வால்டர் சிம்மர். ஜெர்மனியின் வைன்ஹைமில் தோல் பதனிட்டு வந்த ஃபிராய்டன்பர்க் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதனால் முதல் சீலின் உதடு தோலில்தான் இருந்தது.

இடது டிரம்மைக் கழற்றியபோது லைனர் எண்ணெயில் ஊறிப் பளபளத்தது.

“தொப்பூர் எறக்கத்துல பிரேக்குப் புடிச்சா வலப்பக்கம் இழுத்துச்சுங்ணா. ரோடு சரியில்லைன்னு நெனச்சேன்,” என்றார் ஓட்டுநர், சாதாரணமாக.

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதிய விபத்துகளால் பேர்போன இறக்கம் அது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் குடித்த லைனரைக் கழுவிப் போடும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினாலும் பிரேக் சமமாகப் பிடிக்காது என்பதால் இரு சக்கரத்துக்கும் புது லைனர் எழுதினார். முதலாளி போனில் முனகினார், பிறகு சம்மதித்தார்.

வடித்த எண்ணெயில் உலோகச் சில்லு இல்லை; காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை மட்டுமே. பல்சக்கரம் தப்பித்தது. சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் துவாரத்தின் கீழ்விளிம்பு நனையும் வரை புது எண்ணெய் ஊற்றினார்கள்.

சனி

பெங்களூரில் முட்டை இறக்கிவிட்டு வந்த வண்டியில் தூவியிருந்த பவுடர் உலர்ந்தே இருந்தது. புது பிரீதர் மாட்டியிருந்ததால் பிளக்கைத் தளர்த்தினாலும் சத்தமில்லை. முதலாளியின் அடுத்த லாரி எஃப்.சி.க்குப் போகிறதாம். பிரீதர் மேல் டேப் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லலாமா என்று ஓட்டுநர் கேட்டார்.

“டேப்பைப் பிரிக்க மறந்துட்டா அதுவும் அடைப்புதானப்பா. அடிக்கறவங்க அடிக்கட்டும். பெயிண்ட் காஞ்சதும் வண்டிய நேரா இங்க கொண்டாந்துரு, புது பிரீதர் மாட்டிக்கலாம்.”