அம்மம்மாவின் அறைக்கு ஒரு லைட்

ஈஸ்ட்ஹாமில் எங்கட வீடு நூறு வருசத்துக்கு மேல் பழசு. அம்மம்மாவின் அறையில் லைட்டை மாற்றத்தான் தொடங்கினோம். கழற்றினால் வயரின் உறை உதிருது. வயர் மாற்ற வந்த எலக்ட்ரீஷியனோ சீலிங்கைப் பார்த்துவிட்டு, டெஸ்ட் செய்யாமல் துளைக்க மாட்டேன் என்றார்.

சீலிங் முழுக்கச் சுழி சுழியாய் ஆர்டெக்ஸ். 1970களில் பிரித்தானிய வீடுகளில் அதுதான் ஃபேஷன். அந்தக் காலக் கலவையில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். இங்கே ஆஸ்பெஸ்டஸ் முழுதாகத் தடையானது 1999இல்தான்.

சுரண்டுகத்தியோடு நின்ற அப்பா நம்பவில்லை. "யாழ்ப்பாணத்தில கூரையே ஆஸ்பெஸ்டஸ் சீட். அதுக்குக் கீழதானே வளர்ந்தனாங்கள்? ஆளைப் பிடிச்சா எவ்வளவு காசு தெரியுமோ பிள்ளை?"

"சும்மா கிடந்தா பெரிசா ஆபத்தில்லை அப்பா. நீங்கள் சுரண்டப் போறீங்கள். தூள் நுரையீரலுக்குள்ள போனா இருபது, முப்பது வருசம் கழிச்சும் வருத்தம் வரும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் இருந்த அம்மம்மாதான், "சோதிச்சுப் பாருங்கோவன், நான் ஹோலில படுக்கிறன்" என்றா.

சிறு துண்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. ஆஸ்பெஸ்டஸ் இருந்தது. சுரண்டாமல், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு புதுப் பலகை அடித்து மூடினோம். ஒரு லைட்டுக்கு மூன்று கிழமை. அம்மம்மா அவ்வளவு நாளும் சோபாவில்.

உங்கட வீடும் 2000க்கு முன் கட்டியதென்றால், துளைக்க முதல் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இந்த இங்கிலிஷ் விதிகளை வாசித்து வீட்டில் சொல்ல எங்களை விட்டால் ஆளில்லை.