ஊதா விளக்கும் மாமாவின் வேட்டியும்

மார்ச் 8, சனி

புது விளக்கைப் பவளத் தொட்டி மேல் மாட்டியாயிற்று. விலையை வீட்டில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். பழைய விளக்கில் வெள்ளை, நீலம் என இரண்டே வரிசை. இதில் 450 நானோமீட்டரில் அடர்நீலம், 405-லும் 420-லும் ஊதா, 385-ல் புற ஊதா. ஒவ்வொன்றையும் கைப்பேசியிலேயே தனித்தனியாக ஏற்றி இறக்கலாம்.

மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஊதாவையும் புற ஊதாவையும் மட்டும் எரியவிட்டேன். கூடம் இருண்டுபோனது. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான். இதற்கா இத்தனை சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தோம் என்று நொந்துகொள்ளும்போதே ஸோவா பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தணல் போலக் கனிந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமா என்னவென்று குனிந்து பார்த்தார். அவர் வேட்டியும் சேர்ந்து நீலமாகப் பளீரென்றது. "தாத்தா டியூப்லைட்!" என்று என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

"மாப்ள, ஆஸ்பத்திரியில கிருமி சாகடிக்க வைப்பாங்களே, அந்த விளக்கா இது?"

மாமா கேட்டது நியாயமான கேள்வி. கிருமி கொல்வது 254 நானோமீட்டர் சமாச்சாரம். தொட்டிகளில் அதைக் குழாய்க்குள் அடைத்துத் தண்ணீரை மட்டும் அதன் வழியே ஓட விடுவார்கள். வெளியே காட்டினால் பவளமும் போகும், நம் கண்ணும் போகும். என்னுடைய 385 கண்ணுக்குத் தெரியும் எல்லையை ஒட்டி நிற்கிறது. அதற்காக அதையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வேட்டிக்கும் காரணம் சொன்னேன். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதாவை விழுங்கி நீலமாகக் கக்குகிறது. பவளத்தின் சதையில் அந்த வேலையைப் புரதம் செய்கிறது. அந்த வகைப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்தவர் ஒசாமு ஷிமோமுரா, 1960களின் தொடக்கத்தில், ஒரு சொறிமீனிலிருந்து. 395-ஐ வாங்கி 509-ல் பச்சையாகத் தரும் புரதம் அது. 2008-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

"சொறியா? பட்டா உடம்பெல்லாம் தடிச்சுப் போகுமே, அதுக்கா நோபலு?"

மார்ச் 12, புதன்

ஊதா 40 சதவீதத்தில் சோகையாக இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் 80-க்கு ஏற்றிவிட்டேன். இப்போதும் படிக்க விளக்கு போட வேண்டிய இருட்டுதான். ஆனால் ஹேமர் பவளத்தின் நுனிகள் மட்டும் கடைத்தெரு நியான் பலகை மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

ஹேமர் சுருங்கிவிட்டது. மூன்று தலைகளில் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் தலை கால் பங்காகிப் போனது. பழுப்பு போய், ஈரக் காகிதம் போன்ற சதைக்குள் எலும்பின் விளிம்பு வெள்ளையாகத் தெரிகிறது. உப்பு, காரம், வெப்பம் எல்லாம் பார்த்தேன். 25 டிகிரி, சில்லர் ஒழுங்காக ஓடுகிறது. தண்ணீர் மேல் குற்றமில்லை.

குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரிந்துவிட்டது, விலை உட்பட.

மார்ச் 19, புதன்

பவளக் கடை அங்கிளிடம் ஒளியளக்கும் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். ஹேமருக்கு மீட்டரில் 100-ஐ ஒட்டி இருந்தால் போதும். காட்டியது 290. இதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான். அது பழைய மீட்டர், 420 நானோமீட்டருக்குக் கீழே இறங்கினால் பாதிப் பார்வை.

கண் அதைவிட மோசம். 555-ல் வரும் பச்சையைக் கூர்மையாகப் பார்க்கும் கண், 405-ஐக் கிட்டத்தட்ட கவனிப்பதே இல்லை. நான் இருட்டென்று நினைத்ததெல்லாம் பவளத்துக்கு உச்சிவெயில். அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசியின் பச்சையம் 430-ஐ ஒட்டித்தான் ஆவலாக உறிஞ்சுகிறது. அளவாக இருந்தால் அது சமையல். மிஞ்சினால் பாசிக்குள் உருவாகும் வீரிய ஆக்சிஜன் பவளத்தையே அரிக்க, பவளம் குடித்தனக்காரரைக் காலி செய்துவிடுகிறது. அதைத்தான் வெளிறல் என்கிறோம்.

ஊதாவை 25 சதவீதத்துக்கு இறக்கினேன், 385-ஐ வெறும் 5-க்கு. உண்மையில் அந்த 385 இல்லாமலே பவளம் வளரும். அது எங்கள் வேடிக்கைக்கு. பெட்டியில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பதும் அதற்காகத்தான்.

மார்ச் 20, வியாழன்

மாமா இளவயதில் சங்கு குளிக்கப் போனவர். இன்று தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார்: "பத்து பாகத்துக்குக் கீழ செவப்பே கிடையாது மாப்ள. கையில கீறி ரத்தம் வந்தா பச்சையாத் தெரியும். பாரு முச்சூடும் நீலம்தான். ஆனா அங்க இப்படிக் கொதிக்காது. மேல அத்தனை தண்ணி நிக்குதுல்ல, வடிகட்டித்தான் உள்ள விடும்."

அவர் ஊரில் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள், கடலாழத்தைப் 'பாகம்' என்ற அளவில் சொல்வார்கள். தூய நீர் மிகக் குறைவாக விழுங்குவது 420-ஐ ஒட்டிய ஊதாவைத்தான் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அந்த நிறத்துக்குள் மூச்சடக்கி இருந்தவர் அவர். நானோ பத்து பாகத்து நிறத்தை வாங்கி வந்து, முக்கால் முழத் தண்ணீர்மேல் தொங்கவிட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "எங்கூர்ல இதக் கையில எடுத்தாலே கேசு." வாஸ்தவம். இந்தியாவில் 2001-லிருந்து கடினப் பவளம் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் அனுமதிச் சீட்டோடு கடைக்கு வருகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வடை வாசனை தொட்டிவரைக்கும். நடுத் தலை செத்துவிட்டது. எலும்பை எடுக்க மனம் வரவில்லை. மற்ற இரண்டிலும் பழுப்பு திரும்புகிறது, முதலில் அடியில், பிறகு ஓரத்தில். வாரத்துக்கு இரண்டு சதவீதம் வீதம் ஊதாவை ஏற்றுகிறேன். விளக்கின் கண்ணாடியில் உப்புப் படலம். துடைத்தால் அதுவே ஒரு ஏற்றம் என்பதால் துடைத்த அன்று எண்ணைத் தொடுவதில்லை.

மே 11, ஞாயிறு

ஊதா 33. இரண்டு தலைகளும் மாலையில் நன்றாக விரிகின்றன. செத்த எலும்பின் ஓரத்தில் கடுகளவு பச்சை. ஹேமரின் குட்டியா, வெறும் பாசியா என்று உருப்பெருக்கியில் பார்த்தும் பிடிபடவில்லை.

தூத்துக்குடியிலிருந்து மாமா அழைத்தார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "விளக்கக் கூட்டிட்டீங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"சரி, பிள்ளகிட்ட குடுங்க."