மைனஸ் 196-ல் தாக்குப்பிடிக்கும் பசை

தைபே நகரின் நான்காங் கண்காட்சி மையத்தில் கம்ப்யூடெக்ஸ் நடக்கும்போது கூட்டம் மொய்ப்பது புதிய லேப்டாப்புகளைத்தான். நான் தேடிப் போனது, ப்ராசசரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஜி.ஸ்கில் நிறுவனத்தின் ஓவர்கிளாக்கிங் போட்டியை. மேசையில் மதர்போர்டு மல்லாந்து கிடக்கிறது. ப்ராசசர் மேல் கனமான செம்புக் குவளை ஒன்றை இறுக்கி, அதற்குள் திரவ நைட்ரஜனை ஊற்றுகிறார்கள். மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற சரக்கு அது. வெண்புகை எழும்போதெல்லாம் செல்போன்கள் உயர்கின்றன. புகையைவிட, குவளைக்கும் ப்ராசசருக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மீதுதான் எனக்கு ஆர்வம்.

மேடைக்குப் பின்னால் இந்தோனேசிய இளைஞர் ஒருவர் அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சாக்கெட்டைச் சுற்றி வாசலின் பூசியிருந்தது. அதன்மேல், ஓவியர்கள் கையாளும் பிசைகிற ரப்பரை விரலால் அழுத்தி அப்பினார். காற்றின் ஈரம் பனியாகி போர்டுக்குள் இறங்கிவிடக் கூடாதே! பிறகு பேஸ்ட் டியூபை எடுத்து வெதுவெதுப்பான நீரில் போட்டார். கெட்டியான பேஸ்ட் இளகினால்தான் சீராகப் பரவுமாம். நடுவில் ஒரு பொட்டு வைத்து அமுக்கிவிடும் வேலை இங்கே கிடையாது. மூலைவரை தானே இழுத்துத் தடவினார். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

"டியூபில் போட்டிருக்கும் கடத்துதிறன் எண்ணைப் பார்த்து வாங்குவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அது கடைக்காரருக்கான எண். குளிரில் விரிசல் விடுமா என்றுதான் நான் பார்ப்பேன்."

காரணம் எளிது. பெரும்பாலான பேஸ்ட் என்பது சிலிகோன் எண்ணெயில் குழைத்த உலோக ஆக்சைடு தூள். கடுங்குளிரில் அந்த எண்ணெய் இறுகிக் கல்லாகிவிடும். சுருங்குவதிலும் செம்பைப் பலமடங்கு மிஞ்சும். சோதனை ஓடும்போது சூடு ஏற, நைட்ரஜன் ஊற்றியதும் இறங்க, அந்த மெல்லிய படலம் இழுபட்டுப் பிளக்கிறது.

அது கண்முன்னே நடந்தது. பக்கத்து மேசையில் குவளையின் வெப்பநிலை காட்டும் தெர்மோகப்பிள் மீட்டர், யாரும் ஊற்றாமலே சரசரவென்று இறங்கியது. அதே நொடியில் திரை உறைந்தது. குளிர் கூடிவிட்டதென்று நினைத்தேன். இல்லை, ப்ராசசரின் சூடு மேலே வரும் வழி அறுந்துவிட்டது. டார்ச் நெருப்பைக் குவளைக்குள் காட்டிச் சூடேற்றி, முழுதும் இளகுமுன் கழற்றினார்கள். பித்தவெடிப்பு கண்ட குதிகால் மாதிரி பேஸ்ட் முழுக்கக் கோடுகள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

டியூபின் கடத்துதிறன் எண்ணை நம்புகிறவர்கள், பேஸ்டுக்குப் பதில் வைக்கும் திரவ உலோகத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். தெர்மல் கிரிஸ்லி நிறுவனத்தின் கண்டக்டோநாட் என்ற திரவ உலோகத்துக்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 73; அதே நிறுவனத்தின் கிரையோநாட் பேஸ்டுக்கு 12.5தான். ஆனால் காலியம், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்த காலின்ஸ்டன் கலவை மைனஸ் 19-லேயே உறைந்துவிடுகிறது. நைட்ரஜன் மேசையில் அதற்கு வேலை இல்லை. 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் காலத்தில் இன்டெல் தன் ப்ராசசர் மூடிக்கு அடியில் சால்டருக்குப் பதில் பேஸ்ட் வைத்தபோது, மூடியைக் கழற்றி உள்ளே திரவ உலோகம் வைப்பது வழக்கமாயிற்று. நைட்ரஜன்காரர்களோ அங்கேயும் குளிர் தாங்கும் பேஸ்டையே வைத்தார்கள்.

இவர்களிடையே அடிக்கடி காதில் விழும் பெயர்கள் கிரையோநாட், ஜெலிட் ஜிசி எக்ஸ்ட்ரீம். நைட்ரஜனையும் தாண்டிப் போவதுண்டு: 2022 டிசம்பரில் இன்டெல் ஐ9-13900கே ப்ராசசர் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது மைனஸ் 269-ல் கொதிக்கும் திரவ ஹீலியத்தில். அந்த அளவுக் குளிரில் பசை பிடிப்பை விட்டால் ஊற்றிய ஹீலியத்தின் காசும் புகைதான்.

இந்த இளைஞர்கள் பேஸ்டுக்குக் கேட்பது குறுகிய ஆயுள். நமக்கோ வருடக்கணக்கில் காயாமல் இருக்க வேண்டும். கிரையோநாட்டே 80 டிகிரிவரைதான் காய்வதைத் தடுப்பதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். சூடாக ஓடும் லேப்டாப்புக்குப் பேஸ்ட் மாற்றப் போகிறவர்கள், போட்டியில் ஜெயித்த டியூப் என்று கேட்டு வாங்காதீர்கள். வெப்பத்தில் நீண்டநாள் காயாதது எது என்று கேட்டு வாங்குங்கள்.