தொம்மலூரில் அக்காவின் முகம்

கோவில்பட்டியில் ரயில் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தர்மபுரி தாண்டி வண்டி மேலே ஏற ஏறப் போர்வைக்குள் கால் சில்லிட ஆரம்பித்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்று படித்திருக்கிறேன். படிப்பது வேறு, மார்கழிக் காலையில் அந்த 900 மீட்டரும் காதுக்குள் புகுவது வேறு! ஒன்பதரை மணி வெயிலிலும் ஆட்டோக்காரர் குல்லாவைக் கழற்றவில்லை. "தொம்மலூர்" என்றதும் தமிழிலேயே பேசினார். அம்மா வழி திருவண்ணாமலையாம்.

மேம்பாலத்தை ஒட்டி இறங்கியதும் காபி வாசனை இழுத்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் "பை டூ" என்றார்கள். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுத்தார் கடைக்காரர். வாங்கிய இருவரும் நல்ல வேலையில் இருப்பவர்கள் போலத் தெரிந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு டீயைப் பாதி போடச் சொன்னால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே அது நட்பு. சாம்பாரில் வெல்லம் தித்தித்தது. இரண்டாவது இட்லியிலேயே அது எனக்குப் பிடித்தும்போயிற்று.

அக்கா மகன் வேலைக்கு இங்கே வந்து ஆறு வருஷம். போன வருஷம் அக்காவையும் அழைத்துக்கொண்டான். மூன்றாவது மாடிக் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் அந்தப் படம். 12×18 அளவு, கறுப்பு வெள்ளை. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுவிட்டேன்.

முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அக்காவை நானே எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன்: பின்னால் சுவிட்சர்லாந்து மலை ஸ்க்ரீன், இரண்டு பக்கமும் அம்ப்ரெல்லா ஃபிளாஷ், முகத்தில் மருந்துக்கும் நிழல் கிடையாது. எங்கள் ஊரில் நிழல் விழுந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஆனால் இந்தச் சுவரில் இருந்த அக்காவை நான் எடுத்ததே இல்லை. ஒரு கன்னத்தில் வெளிச்சம் வழிந்து, மூக்கைத் தாண்டி மெல்ல இறங்கி, மறு கன்னத்தில் இருட்டோடு கலக்கிறது. அத்தான் போன பிறகு அவள் முகத்தில் வந்து தங்கிய அமைதி அப்படியே அதில் இருந்தது.

"யாருக்கா எடுத்தது?"

"இந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, தம்பி. மாடியில் ஸ்டுடியோ வச்சிருக்கு."

"எத்தனை லைட் வச்சிருந்தாங்க?"

"அதெல்லாம் யார் பார்த்தா? அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்துச்சு."

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு படத்தை இறக்கி, பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். எடுத்தவர் விளக்கை எங்கே வைத்தார் என்பதைக் கண் சொல்லிவிடும். கருவிழி ஒரு குவிந்த கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் சுருக்கித் தன்மேல் ஏந்திக்கொள்ளும். அம்ப்ரெல்லா வைத்தால் கம்பிகளோடு குடை தெரியும், ரிங் லைட் வைத்தால் வளையம். மார்ட்டின் ஷோலர் என்ற புகழ்பெற்ற கலைஞர் முகத்துக்கு இரு பக்கமும் டியூப் லைட் வரிசையைச் செங்குத்தாக நிறுத்தி எடுப்பார். அவர் படங்களில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைக் கோடு நிற்கும், பூனைக்கண் மாதிரி.

அக்காவின் கண்ணில், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், உயரமான ஒரு வெள்ளைக் கட்டம். அப்படியானால் இடது பக்கம், தலைக்குச் சற்று மேலே பெரிய சாஃப்ட்பாக்ஸ். மூக்குத்திக்குக் கீழே விழுந்த கடுகளவு நிழலைப் பார்த்தேன். அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அப்படிக் கரைந்திருந்தது. சின்ன விளக்காக இருந்தால் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். கண்ணின் அடியில் மங்கலாக ஒரு பட்டை, ஆக மடியில் ரிஃப்ளெக்டர். இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம், 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பெயரில் எங்கள் தொழிலில் சொல்லும் முக்கோணம். காதோர நரையில் வெள்ளிக்கோடு, ஆகப் பின்னால் ஹேர் லைட். காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து முடித்தேன். ஒன்று மட்டும் இடித்தது. அந்த வெள்ளைக் கட்டத்தின் நடுவில், தலைமுடியில் பாதி கனத்துக்கு, நெடுக ஒரு கறுப்புக் கோடு. பிரிண்டில் கீறல் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் ஸ்டுடியோவுக்குப் போகிற வழியில் அக்கா சொக்கநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மதுரைக்குத் தெற்கே இருப்பவனுக்குச் சொக்கநாதர் என்றால் சிவன்தானே? திருநீற்றை எதிர்பார்த்துக் கை நீட்டினால் துளசித் தீர்த்தம் விழுகிறது! உள்ளே ஸ்ரீதேவி, பூதேவியோடு பெருமாள். சொக்கப் பெருமாள். சோழர் காலத்துக் கோயில் என்கிறார்கள். கல்லில் தமிழ் எழுத்து. எழுநூறு வருஷத்துக்கு மேலான தமிழ், கன்னடப் பலகைகளுக்கு நடுவே. விரலால் தடவிப் பார்த்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடத்தில்தான் எழுத்து எழும்பித் தெரிகிறது. நேராக விழுகிற இடத்தில் கல் வெறும் கல்.

ஸ்டுடியோ ஒரு பழைய வீட்டின் மாடி அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, சிவப்பு சிமெண்ட் தரை. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். காலண்டர் தாளை நீட்டினேன். நிதானமாகப் பார்த்தார். பிறகு அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

லைட்டே இல்லை!

இருந்தது வடக்கு பார்த்த ஒரு ஜன்னல். அதன்மேல் வெள்ளை மல் துணி. நடுவில் செங்குத்தாக ஒரு மரச்சட்டம். அந்தச் சட்டம்தான் அக்காவின் கண்ணில் கோடாக விழுந்திருக்கிறது. நான் கீறல் என்று தள்ளிய இடத்தில் ஜன்னல் இருந்திருக்கிறது. ஹேர் லைட் என்று நான் வரைந்தது, மொட்டை மாடிக்குப் போகிற கதவு. அதைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார். மடியில் இருந்தது வெள்ளைத் தெர்மகோல், அது ஒன்றுதான் சரி.

"அப்ப இந்தக் கன்னம் எப்படி இருட்டாச்சு? நாலு சுவரும் வெள்ளையா இருக்கே?" என்றேன். மூலையிலிருந்து கறுப்புத் துணி சுற்றிய ஒரு ஸ்டாண்டை உருட்டி வந்தார். அக்காவை முக்காலியில் உட்கார வைத்து லைட் மீட்டரைக் காட்டினார். ஜன்னல் பக்கக் கன்னம் 5.6, மறு கன்னம் 4. மீட்டர் கணக்கில் அது பாதி வெளிச்சம்.

"இப்ப பை டூ சார். ஒரு பக்கம் முழு டம்ளர், இந்தப் பக்கம் பாதி." கறுப்புத் துணியைக் கன்னத்துக்கு ஓரடி பக்கத்தில் நிறுத்தினார். மீட்டர் 2.8-க்கு இறங்கியது. "பாதியையும் பை டூ பண்ணியாச்சு." பிறகு அக்காவிடம், "ஸ்வல்ப, அம்மா, ஸ்வல்ப" என்று கன்னடத்தில் 'கொஞ்சம்' சொல்லி நாடியை ஒரு விரல் அளவு திருப்பினார். முக்கோணம் கன்னத்தில் பூத்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. முப்பது வருஷமாக வெளிச்சத்தைக் கொண்டு வந்து கொட்டியிருக்கிறேன். எடுத்து வெளியே வைக்கவும் முடியும் என்று கை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

இன்னொன்றும் சொன்னார். ஓவியர்கள் வடக்கு ஜன்னல் கேட்பது வெயில் நேராக வராது என்பதால். அது ஐரோப்பாவுக்குச் சரி. பெங்களூரில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், காலையும் மாலையும் ஜன்னலில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் துணியை இரட்டையாகப் போடுகிறாராம். கோவில்பட்டி இன்னும் தெற்கே. எங்களுக்குச் சித்திரை பிறப்பதற்குள் சூரியன் வடக்கே போய்விடும்.

கரண்ட் வருவதற்கு முந்திய ஸ்டுடியோக்களில் கண்ணாடிக் கூரையும் துணித் திரையும் வைத்துத்தான் முகங்களை எடுத்தார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறது. அவற்றில் பழைய படங்களைப் பார்த்தபோதெல்லாம் உடையையும் நாற்காலியையும்தான் பார்த்திருக்கிறேன். இனி முதலில் கண்ணைப் பார்ப்பேன்.

ஜன்னலுக்கும் அக்காவின் மூக்குக்கும் எவ்வளவு தூரம் என்று முழம் போட்டேன். இரண்டு முழம், ஒரு சாண். எழுதிக்கொண்டேன். எழுதும்போதே எங்கள் கடையின் வடக்குச் சுவர் ஞாபகம் வந்தது. மாடிப்படியில் நின்றே கடைப் பையனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, அந்த சுவிட்சர்லாந்து ஸ்க்ரீனைக் கழட்டி, பின்னால இருக்கிற பிளைவுட்டைப் பேர்த்து எடு. 1998-ல அப்பா அடிச்சது, ஆணி துருப்பிடிச்சிருக்கும், பார்த்து."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பலகை முறிகிற ஓசை, தும்மல்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஜன்னல்லா இருக்கு!"