வீட்டில் படிக்கும் பேத்திக்கு வரலாறும் அரசியலும்

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு மறுபடி வேலை கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்? போன வருடத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு மாணவி, என் பேத்தி. மகனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு ஊர் மாற்றல். பள்ளி மாறி மாறிச் சலித்துப்போன பிள்ளை, பத்தாவது முடித்ததும், "இனி தாத்தா வீட்டிலிருந்தே படிக்கிறேன்" என்று வந்துவிட்டாள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ நிலைக்குப் பதிவு செய்தோம். வரலாறும் அரசியல் அறிவியலும் என் பொறுப்பு.

"அந்தச் சான்றிதழ் செல்லுமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. செல்லும். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் வாரியம் அது. மொழியும் சேர்த்து ஐந்து பாடம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம்.

என் தங்கை கேட்டதுதான் மனதைக் குடைந்தது. "அண்ணா, நாலு பேரோடு உட்காராத பிள்ளைக்கு ஊர் நடப்பு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. வரலாற்றை வீட்டுத் திண்ணையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்பதை நாலு சுவருக்குள் கற்க முடியாது. அதனால் இரண்டு பாடத்தையும் தனித்தனியாக நடத்தாமல், ஒரே கேள்வியில் கட்டினேன்: ஊரை நிர்வகிக்க யாருக்கு உரிமை இருந்தது?

முதலில் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். 30 குடும்புகள், குடவோலை, வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி நிற்க முடியாது.

"கணக்கு விஷயம் பிரமாதம் தாத்தா. ஆனா இதுல பாட்டி நிக்க முடியுமா?"

முடியாது கண்ணு. பிராமணர்களின் சபை அது. நிலமில்லாதவர், வேதம் படிக்காதவர், பெண்கள் யாருக்கும் இடமில்லை.

அந்தக் கேள்வியே மீதிப் பாடத்திட்டத்தைப் போட்டுக்கொடுத்தது. 1921இல் சென்னை மாகாணப் பெண்களுக்குக் கிடைத்த வாக்குரிமை; அப்போதும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். பிறகு 1950இன் அரசியல் சட்டம், எல்லோருக்கும் ஓட்டு. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம், உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. 2016இல் தமிழ்நாட்டில் அது பாதியானது. வாரத்தில் மூன்று நாள் வரலாறு, இரண்டு நாள் அரசியல். சனிக்கிழமை அவள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர் கிராம சபைக்குப் போனோம். வரவு செலவு வாசித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா எழுந்து, குழாய் பதித்த செலவைத் தெருப் பெயர் சொல்லிக் கேட்டார். "குடவோலைக் கணக்கு!" என்று பேத்தி என் காதில் சொன்னாள். கையெழுத்து நோட்டு அவளிடம் வந்தது. வயதைக் கேட்டுவிட்டு, "வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் பாப்பா" என்று வாங்கிக்கொண்டார்கள். முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது திருத்தத்தை அவளே தேடிப் படித்தாள். அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை.

தங்கைக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். நாலு பேர் என்ன, அன்று நூறு பேரோடு உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால் இந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறும் கிராம சபை நாட்கள். கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். நமக்கும் போய் வெகு நாளாகியிருக்கும்.